மாப்பிள்ளையை யார் கேட்டது?

கல்யாணம் என்றால் எது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். பெரியவர்கள் நாலு பேர் பார்க்கப் பெண்ணின் கையை எடுத்துப் பையன் கையில் வைத்தால் கல்யாணம் என்பார்கள் சிலர். கை எதற்கு, வாய்தான் முக்கியம், பெண் தன் வாயால் சரி என்று சொன்னால்தான் செல்லும் என்பார்கள் வேறு சிலர். ஒப்பந்தத்தை உரக்கப் படித்து முடிக்கும் வரை இருவரும் யாரோ எவரோதான் என்று ஒரு கூட்டம். மணமக்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டால் அதுவே கல்யாணம், நடத்திவைப்பவர் வெறும் சாட்சி என்று இன்னொரு கூட்டம். சடங்கும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், பல வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து, தெருவே புருஷன் பெண்டாட்டி என்று கூப்பிட்டுவிட்டால் முடிந்தது கதை என்பவர்களும் உண்டு. இத்தனை பேரும் கடைசியில் வந்து சேரும் இடம், பதிவு அலுவலகத்தின் முதல் மாடியில் இருக்கும் பதிவாளரம்மாவின் அறை.

அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, எதிரே மணமக்களுக்கு இரண்டு நாற்காலி, சாட்சிகளுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு, ஒரு பீரோ, அவ்வளவுதான். மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும், ஓடாவிட்டால் மாப்பிள்ளைக்கு வியர்க்கும். இரண்டில் எது தேவலை என்பதை அம்மா அன்றன்றைக்கு மனநிலையைப் பொறுத்து முடிவு செய்வார்.

"எங்களுக்குப் போன மாசமே கல்யாணம் ஆயிடுச்சு மேடம். இங்க சும்மா ஒரு கையெழுத்துக்குத்தான் வந்தோம்" என்று யாராவது இழுத்தால் போதும், அம்மா கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார்.

"அங்க நடந்தது உங்களுக்கு. இங்க நடக்கிறதுதான் எனக்கு. உட்காருங்க."

உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கேள்வி வரும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு இந்தத் திருமணத்துக்குச் சம்மதிக்கிறீர்களா? பெண்ணிடம் இதைக் கேட்கும்போது அம்மா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். கண்ணாடியைக் கழற்றுவார். பெண்ணின் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தால் அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். பெண் கண் கலங்கினால் அன்றைக்குக் கல்யாணம் கிடையாது. காரில் வந்த சொந்தக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் கிடையாது. அந்த விஷயத்தில் அம்மாவின் பெயர் ஊர் முழுக்கப் பிரசித்தம். நல்ல பெயர்தான்.

மாப்பிள்ளையிடமும் அதே கேள்வியைக் கேட்பார். கேட்காமல் விட்டால் சட்டம் சும்மா விடாதே. ஆனால் அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் வந்து போகும். பையன் வாயைத் திறப்பதற்குள் "இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒரு கையெழுத்து" என்று விரல் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட அம்மாவுக்குத்தான், ஓய்வு பெற ஆறேழு மாதம் இருக்கும்போது, தலையில் இடி விழுந்தது.

ஓய்வுக்கான காகிதங்களோடு திருமணச் சான்றிதழ் ஒன்றும் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கென்ன, ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவருக்குத் தன்னுடையதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? உதவிப் பதிவாளராக இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் கிளி என்று பெயர். அம்மா எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுவாள், எப்படி முத்திரை குத்துவாரோ அப்படியே குத்துவாள். பார்த்துப் பார்த்துப் படிந்த பழக்கம்.

கிளி தேடிவிட்டு வந்து கதவோரமாக நின்றாள்.

"என்ன, கிடைக்கலையா?"

"கிடைக்கலைன்னு சொல்ல முடியாதும்மா. இல்லம்மா."

"இல்லன்னா?"

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா சிரித்தார். பிறகு தானே போய்த் தேடினார். வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் விண்ணப்பத்தில் மணமானவரா என்று கேட்டிருந்தது, ஆம் என்று எழுதினார், யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவரும்தான் கேட்டுக்கொள்ளவில்லை. தன் கல்யாணத்தைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

அதுவும் ஒரு தரமா நடந்தது? இரண்டு தரம் நடந்த கல்யாணம் அது.

அம்மாவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தெருவில், அலுவலகத்தில், ஏன், மாமனார் வீட்டிலும்கூட அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். அம்மா சின்ன வயதில் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தபோது, ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே அவர் மட்டும். வெளியே வந்து சேர்ந்த பழுதுக்காரர், கதவு லேசில் திறக்காது என்று தெரிந்ததும் கருவிப்பையைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கதவோடு பேச ஆரம்பித்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன். அவசரம் இல்ல."

அந்தக் குரலிலேயே அம்மாவுக்குப் பாதி முடிவாகிவிட்டது. மீதியும் முடிவாகச் சில மாதம் பிடித்தது. அதற்குள் அந்த லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று அம்மா எத்தனை புகார் கொடுத்தார் என்பது கம்பெனி மேலாளருக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு நாள், "எங்க வீட்ல சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். லிஃப்ட்காரரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இந்தக் கதையை அம்மா சொல்லாத ஆள் கிடையாது. சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு சாமி, வேறு வேறு வழக்கம். அவர் பக்கம் கை. அம்மா பக்கம் வாய். எங்கள் முறைப்படி நடக்காவிட்டால் அது கல்யாணமே இல்லை என்று இரு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். பேசிப் பேசி, காலையில் அவர் பக்கத்து முறை, சாயங்காலம் அம்மா பக்கத்து முறை என்று முடிவாயிற்று. அந்தக் காலத்தில் கல்யாணத்தை நடத்திவைக்கும் பெரியவரே தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். யார் அனுப்பினார்கள்?

காலையில் நடத்திவைத்தவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலம் நடத்திவைத்தவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அம்மா அவரைப் பார்க்கப் போனார். பெரியவர் ஜன்னலோரத் தொட்டிச் செடிகளில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சற்று நேரம் கையில் இருந்த இலையையே பார்த்தார்.

"காலையில அவர் போட்டிருப்பாருன்னு நினைச்சேன்மா. மூத்தவர் அவர். நான் மறுபடி ஒரு தாளை நீட்டினா, நீங்க பண்ணது செல்லாதுங்கன்னு அவர் முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"அவர் ஏன் போடல?"

"நல்ல மனுஷன்மா அவரு. பொண்ணு வீட்டுக்காரங்க கையால ஆகட்டும்னு விட்டிருப்பாரு. மரியாதைக்காரர்."

இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட மரியாதையில் அம்மாவின் கல்யாணம் நடுவில் நழுவி விழுந்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மா அவர் கொடுத்த டீயைக் குடித்தார்.

வழி இல்லாமல் இல்லை. தாமதப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. நடத்திவைத்தவர், கணவன், மனைவி மூவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், பழைய தேதியிலேயே பதிந்துவிடலாம். ஓசைப்படாமல் வேலை முடிந்துவிடும். இத்தனை காலம் ஊருக்குக் கல்யாணம் பண்ணி வைத்தவருக்கே கல்யாணம் ஆகவில்லையாம் என்று நாளைக்கு ஒருத்தன் கேலி பேச மாட்டான். அம்மாவுக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே கையெழுத்திட்டார்.

"எங்க பக்கம் இதெல்லாம் எதுக்கும்மா? மூணு தரம் உன்னைக் கேட்டேன். மூணு தரமும் சரின்னே. இந்தக் காதால கேட்டேன். ஆயிடுச்சு கல்யாணம்."

"ஆயிடுச்சுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தார்.

லிஃப்ட்காரர் சமையலறைக் குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். அவருக்கு எதையும் முழுக்கப் படிக்க வேண்டும். லிஃப்ட் உள்ளே ஓர் அட்டை தொங்கும், பழுது பார்த்தவர் அதில் இது பத்திரமானது என்று கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கீழே நின்றபடியே போட்டுவிட்டுப் போவார்கள். இவர் தானே உள்ளே ஏறி, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மேலே ஒரு தரம் கீழே ஒரு தரம் போய்வராமல் போடமாட்டார். கட்டடக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

படித்து முடித்தார். காகிதத்தை மேஜையில் வைத்தார். பேனாவை எடுக்கவில்லை.

"இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ஏன், என்ன தப்பு?"

"அன்னிக்கு ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டாங்க, ரெண்டு பேரும் வாயால சம்மதம் சொன்னாங்கன்னு இருக்கு."

"ஆமா."

"என்னை யாரு கேட்டா?"

அம்மாவுக்கு முதலில் விளையாட்டு என்றுதான் தோன்றியது. அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கோபமும் இல்லை. கணக்கு உதைக்கிறதே என்று யோசிக்கிற முகம்தான் இருந்தது.

"காலையில எங்க பெரியவர் உங்க அப்பாவைக் கேட்டார், எங்க அப்பாவைக் கேட்டார். உன் கையை எடுத்து என் கையில வச்சார். சாயங்காலம் உன்னை மூணு தரம் கேட்டாங்க. நான் பக்கத்துல நின்னுட்டு, அடுத்தது நம்மளைக் கேப்பாங்க போலிருக்கு, சத்தமாச் சொல்லணும்னு தொண்டையைக் கூடச் சரி பண்ணி வச்சிருந்தேன். அதுக்குள்ள சாப்பிடப் போகலாம்னுட்டாங்க."

"வந்து நின்னீங்களே. அதுவே சம்மதம்தானே? பிடிக்காமயா வந்து நின்னீங்க?"

"நின்னேன். இல்லைன்னு சொல்லல. ஆனா இதுல நின்னேன்னு போடலையே. சொன்னேன்னுல்ல போட்டிருக்கு."

"அப்படிக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று அம்மா கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். சில கேள்விகள் வாயை விட்டுப் போன பிறகுதான் புத்தி வருகிறது.

லிஃப்ட்காரர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்களோடு குடித்தனம் நடத்துவதில் இது ஒரு கஷ்டம்.

"கொஞ்சம் பொறுன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்ப எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. நிலையான வேலை இல்ல. உங்க ஆளுங்க, எங்க ஆளுங்கன்னு தினம் சண்டை. நீ ஞாயித்துக்கிழமைன்னுட்டே. நானும் சரின்னு சட்டையை இஸ்திரி போட்டேன்."

அம்மா எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தார். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார். ஆசையாகக் கட்டிக்கொண்டார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், பயந்துகொண்டே சட்டை போட்டுக்கொண்டு வந்தவராம். அதைச் சிரித்த முகத்தோடு, குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு சொல்கிறாராம்.

அடுத்த சில நாள் வீட்டில் சண்டை என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் வழக்கம்போல் காலையில் பால் வாங்கி வந்தார். குழாய் சரியாகிவிட்டது. அம்மாவின் குடையில் கம்பி ஒன்று துருத்திக்கொண்டிருந்ததை யாரும் கேட்காமலே வளைத்துச் சரிசெய்து கொக்கியில் மாட்டி வைத்தார். காகிதம் மட்டும் மேஜையிலேயே கிடந்தது. அதன் மேல் அவர் உப்பு டப்பாவை வைத்திருந்தார், பறக்காமல் இருக்க.

அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவர் செருப்பு மாட்டும்போதெல்லாம் எங்கே போகிறார் என்று எட்டிப் பார்த்தார். கடைக்குப் போகிறவர் திரும்பி வரத்தான் செய்வார் என்று தெரியும். ஆனால் இது வரைக்கும் பையில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்த சாவி, கையை விட்டுப் பார்த்தால் இல்லை. வீடு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. இன்றைக்கு ஒருவேளை கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதைக் கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் அலறினாள்.

"அப்போ நான் கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்தவளாம்மா?"

"சட்டத்துல உனக்கு ஒரு குறையும் இல்ல. சும்மா கத்தாதே."

"அப்பா என்ன சொல்றாரு?"

"உங்கப்பாவா? அவர் யோசிக்கிறார்."

"யோசிக்கட்டுமே. நீ எப்பவாவது அவரை யோசிக்க விட்டிருக்கியா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மாவுக்கு அது சுருக்கென்றது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை அந்த ஜோடி வந்தது. பெண் ரொட்டிக் கடையில் வேலை செய்பவள், பையன் மருந்துக் கடையில். அம்மா பேனாவை வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், பெண்ணைக் கேட்டார். பெண் பளிச்சென்று சம்மதம் என்றாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையன் பக்கம் திரும்பி, கேள்வியைச் சொல்லி முடிக்கும்போதே கையெழுத்துக்கான இடத்தில் விரலை வைத்துவிட்டார். பையன் கையெழுத்துப் போட்டான். எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

போன வேகத்தில் பையன் மட்டும் திரும்பி வந்தான். கதவுக்குள் தலையை நீட்டினான்.

"மேடம், நான் சம்மதம்னு சொல்லவே இல்லையே. பரவாயில்லையா? செல்லுமா?"

"கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

"போட்டேன் மேடம். ஆனா சொல்லணும்னு ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வந்தேன். அதான்."

எதிரே நிற்பது யாரோ மருந்துக் கடைப் பையன் என்பது மறந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்து ஏமாந்துபோன ஓர் இளம் லிஃப்ட்காரர் கண்ணுக்குத் தெரிந்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றார்.

"சம்மதம் மேடம்!" என்று பையன் மாடியே அதிரும்படி சொல்லிவிட்டு ஓடினான். படியில் அந்தப் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அம்மா கிளியைப் பார்த்தார். "நான் எப்பவுமே இப்படித்தானா?"

கிளி தயங்கினாள். "மாப்பிள்ளைங்ககிட்டயா? எப்பவுமே இப்படித்தாம்மா. இஷ்டம் இல்லாமயா பொண்ணு கேட்டு வந்தான்னு ஒரு தரம் நீங்களே சொன்னீங்க. நானும் அப்படியே பழகிட்டேன்."

பொண்ணு கேட்டு வந்தவன். ஆமாம், அம்மாவின் வீட்டுப் பேச்சு அது. கேட்க வந்தவனையே போய்க் கேட்பதா என்றுதான் பெரியவரும் அன்றைக்கு மாப்பிள்ளையைக் கேட்காமல் விட்டிருப்பார். ஆனால் லிஃப்ட்காரர் எங்கே கேட்டு வந்தார்? வரச்சொல்லி வந்தார். அந்த மனிதரை அவர் சாமியும் கேட்கவில்லை, அம்மாவின் சாமியும் கேட்கவில்லை. பெண்ணையும் ஆணையும் சரிசமமாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற ஒரே இடம் இந்தச் சின்ன அறைதான், இங்கேயும் அவர் வந்து சேரவில்லை. இத்தனைக்கும் அவரைக் கேட்காதவர்களில் முதல் ஆள் யார் என்று பார்த்தால், அம்மாவேதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பு டப்பாவை நகர்த்தினார். உறுதிமொழிக் காகிதத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

"என்ன, வேண்டாமா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்க இதுல போட வேண்டாம். நடக்காததை நடந்துச்சுன்னு எதுக்குப் போடணும்? புதன்கிழமை கடைசி நேரத்துக்கு என் ஆபீசுக்கு வாங்க. புதுசா நடக்கட்டும். அங்க உங்களைக் கேப்பாங்க. பதில் உங்க இஷ்டம்."

"எல்லாரும் பார்ப்பாங்களே. உனக்குப் பரவாயில்லையா?"

"பார்க்கட்டும்."

அவர் தட்டை வைத்து ரொட்டியைப் பங்கு போட்டார். அம்மா பங்கில் பெரிய துண்டு விழுந்தது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, தினமும் அப்படித்தான் விழும்.

புதன்கிழமை கதவுக்கு வெளியே அன்றைய கல்யாணங்களை எழுதும் கரும்பலகையில் கிளி கடைசி வரியாக எழுதினாள்: பதிவாளரம்மா, லிஃப்ட்காரர். கீழ்த்தளத்தில் வேலை செய்பவர்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் ஒவ்வொருவராக மாடிக்கு வந்து போனார்கள். ஒருவர் அரை மணி நேரமாக ஒரே பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மாவின் காது மடல் சூடாகியது. ஆனாலும் பலகையை அழிக்கச் சொல்லவில்லை.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்திலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். அம்மா அப்பா கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்னொரு சாட்சியாகத் தொட்டிச் செடிப் பெரியவர், மாடிப்படியை நின்று நின்று ஏறி வந்து சேர்ந்தார்.

லிஃப்ட்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல், மேஜையின் அந்தப் பக்கம் போய், மணமக்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் ஆடியது. எத்தனை பெண்களை இதில் உட்கார வைத்திருக்கிறோம், ஒருத்தியாவது சொன்னாளா என்று நினைத்துக்கொண்டார்.

மேஜைக்குப் பின்னால் கிளி. பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணாடி போடாதவள், அதனால் வெறுமனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவை நேராகப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"சம்மதம்" என்றார் அம்மா. ஆயிரம் பேர் சொல்லிக் கேட்ட சொல்தான். தன் வாயிலிருந்து வந்தபோது குரல் கொஞ்சம் பிசிறியது.

கிளி லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள். பழக்கம் எங்கே போகும்? "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்" என்று ஒரே மூச்சில் ஆரம்பித்து, விரலும் காகிதத்தை நோக்கிப் போய்விட்டது.

"நிறுத்து" என்றார் அம்மா. "முதல்ல நான் கேக்கிறேன்."

"சட்டப்படி நான்தானேம்மா கேக்கணும்?"

"சட்டத்துக்கு நீ அப்புறம் கேளு. இது எனக்கு."

அம்மா நாற்காலியைச் சத்தத்தோடு திருப்பி அவருக்கு எதிரே போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அம்மா கேட்க நினைத்திருந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"பயமா இருக்கா?"

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வி அவருடையது. மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவர் கேட்டது. திரும்ப அவரிடம் வந்து சேர இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

"கொஞ்சம் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன். அவசரம் இல்ல." அம்மா தொடர்ந்தார். "இல்லைன்னு சொன்னாலும் சரிதான். சாயங்காலம் ரெண்டு பேரும் அதே வீட்டுக்குத்தான் போகப் போறோம். ஆனா உங்களைக் கேக்காம விட்டது தப்பு. அதனால கேக்கிறேன். என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"

அப்புறம் அம்மா செய்தது, அந்த அறையில் எந்த மாப்பிள்ளைக்கும் செய்யாத காரியம். காத்திருந்தார்.

லிஃப்ட்காரர் அவசரப்படவில்லை. உள்ளங்கையை மேஜையின் பக்கவாட்டில் வைத்தார், ஓடுகிற லிஃப்டின் சுவரில் வைப்பதுபோல. எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தார். வாசலில் கூடி நின்றவர்களில் யாரோ இருமினார். பேனா தேடியவர் தேடுவதை நிறுத்திவிட்டிருந்தார். அம்மா அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சம்மதம்" என்றார், சத்தமாக.

மகள் கை தட்டினாள். பெரியவர், "எனக்கு இந்தக் காதுலயும் நல்லாக் கேட்டுச்சு" என்று தன் மந்தமான காதைத் தொட்டுக் காட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றதால் மாட்டியும் பயன் இல்லை, கழற்றிவிட்டார். கிளி சட்டத்துக்காக இருவரையும் இன்னொரு தரம் கேட்டாள். இந்தத் தரம் மாப்பிள்ளையிடமும் நிதானமாகவே கேட்டாள்.

கையெழுத்துகள் முடிந்தன. தேதி போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. கிளி பேனாவோடு நிமிர்ந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, பெரியவர் கையெழுத்துப் போட்ட அந்த உறுதிமொழி உங்க பையிலதானே இருக்கு? இப்பதான் சார் சம்மதம்னு சொல்லிட்டாரே. சார் அதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டா பழைய தேதியிலேயே பதிஞ்சுடலாம். ஓய்வுக் காகிதத்துக்கும் அதுதான் அழகா இருக்கும். எந்தத் தேதி போடட்டும்?"

அம்மாவுக்கு அந்தப் பழைய தேதி மேல் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வாயைத் திறக்கவில்லை. லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தேதியே போடும்மா" என்றார் அவர். "என்னை இன்னிக்குத்தானே கேட்டாங்க."